தாவீதிலிருந்து ஒரு பேச்சு, மழையிலிருந்து ஒரு பேச்சு: பவுலின் வழியில் எட்டு நாட்கள்

முதல் நாள்: அந்தாலியா, பெர்கே

பையில் இரண்டு தமிழ் வேதாகமங்கள் வேண்டும். ஒன்று பழைய திருப்புதல், மற்றது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. யூதர் கூடித் தொழும் இடம் முன்னதில் ‘ஜெப ஆலயம்’, பின்னதில் ‘தொழுகைக்கூடம்’. ‘புறஜாதியார்’ என்பது ‘பிற இனத்தார்’ ஆகிவிடுகிறது. ‘ஜாதி’ என்றதும் நம்மூர்ச் சாதி நினைவுக்கு வந்துவிடும், அது வேண்டாம். யூதரல்லாத மக்கள் அத்தனை பேரையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு அன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் வைத்த சொல் அது.

லூக்கா எழுதிய புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலருடைய நடபடிகளில், இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன யூதரான பவுல், விசுவாசத்துக்கு வெளியே இருப்பவர்களிடம் பேசிய பிரசங்கம் என்று மூன்றுதான் பதிவாகியிருக்கின்றன. பிசீதியா அந்தியோகியாவின் ஜெப ஆலயத்தில் ஒன்று (13:16–41, 26 வசனங்கள்), லீஸ்திராவின் தெருவில் ஒன்று (14:15–17, மூன்றே வசனங்கள்), அத்தேனேயில் (ஏதென்ஸ்) ஒன்று (17:22–31, பத்து வசனங்கள்). முதலாவது யூதர்களுக்கும் அவர்களோடு சேர்ந்து தொழுதவர்களுக்கும். மற்ற இரண்டும் யூதரல்லாதவர்களுக்கு. மூன்றையும் அந்தந்த இடத்தில் நின்று வாய்விட்டுப் படிப்பதற்காகத்தான் இந்தப் பாதை. அந்தியோகியா உரையை நிதானமாகப் படித்தாலும் நாலைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. யாரும் அவ்வளவு சுருக்கமாகப் பேசியிருக்க மாட்டார்கள். லூக்கா தருவது சாரம். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர்கள் பேச்சுகளை இப்படித்தான் வடித்துக் கொடுத்தார்கள். ஆகவே சொல்லுக்குச் சொல் பவுல் பேசியது என்று எடுத்துக்கொள்ளாமல், எந்தக் கூட்டத்திடம் எதை எடுத்தார், எதை விட்டார் என்று பார்ப்பதே பயன்.

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் முதலில் கிரேக்கத்துக்கான ஷெங்கன் விசாவை வாங்கிவிடுவது நல்லது. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் துருக்கிக்கு இணையவழி விசாவே போதும் என்ற ஏற்பாடு உண்டு. விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள். ஏப்ரல்–மே, செப்டம்பர்–அக்டோபர் தோதான மாதங்கள்.

பெர்கே அந்தாலியாவிலிருந்து 18 கி.மீ. நகர டிராமில் அக்சு வரை போய் அங்கிருந்து 2 கி.மீ. நடக்கலாம். நிழல் கிடையாது, காலையிலேயே போய்விடுங்கள். உள்வாசலின் இரட்டை வட்டக் கோபுரங்கள் பவுலுக்கும் முந்தியவை. நடுவே நீரோடும் கால்வாய் கொண்ட தூண்வரிசைத் தெரு அவருக்குப் பிந்தியது. கூட வந்த மாற்கு என்னும் யோவான், பவுலையும் அவருடைய துணைவர் பர்னபாவையும் விட்டுத் திரும்பியது இங்கேதான். பவுல் இந்த ஊரில் பிரசங்கித்தது திரும்பி வரும்போது (14:25). என்ன பேசினார் என்று ஒரு வரிகூட இல்லை. அரை நாள் போதும்.

இரண்டாம் நாள்: யல்வாச் (பிசீதியா அந்தியோகியா)

அந்தாலியாவிலிருந்து இஸ்பார்த்தா வழியாகச் சுமார் 230 கி.மீ. வாடகைக் கார் எடுத்தால் எய்ர்திர் ஏரியைப் பார்த்துக்கொண்டே போகலாம். பேருந்தென்றால் இஸ்பார்த்தாவில் மாற வேண்டும். கடலோரத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது பாதை. கி.மு. 6-இல் ரோமர் போட்ட செபாஸ்தே நெடுஞ்சாலையும் பெர்கேயிலிருந்து இந்த மலைகளைத் தாண்டித்தான் அந்தியோகியாவுக்கு வந்தது. யல்வாச் என்ற துருக்கிச் சொல்லுக்குத் தீர்க்கதரிசி என்று பொருள்.

இடிபாடுகள் ஊரை ஒட்டிய மேட்டில் இருக்கின்றன. நேரே உச்சிக்குப் போங்கள்: அகஸ்துஸ் கோயில். பாறையை அரைவட்டமாகக் குடைந்து, அதன் முன்னே கட்டிய மேடை. கி.மு. 25-இல் ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களைக் குடியேற்றிப் பேரரசர் அகஸ்துஸ் அமைத்த குடியிருப்பு இது. தன் சாதனைகளைத் தானே எழுதிவைத்த அவருடைய லத்தீன் சாசனத்தின் துண்டுகள் இங்கே கிடைத்து, ஊருக்குள் இருக்கும் மியூசியத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. சாசனத்தின் தலைப்பிலேயே அவர் ‘தெய்வமாகிய அகஸ்துஸ்’.

இனி மேற்குப் பக்கம் இறங்கினால் புனித பவுல் பசிலிக்கா என்று பலகை வைத்த பெரிய தேவாலயத்தின் தரை வரும். நாலாம் நூற்றாண்டுக் கட்டடம். ஜெப ஆலயம் இதற்கடியில்தான் இருந்தது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அது அனுமானம், நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் 13-ஆம் அதிகாரத்தைப் படிக்க இதைவிடத் தோதான இடம் இங்கே வேறு இல்லை.

படிக்கும்போது வரிசையைக் கவனியுங்கள். நியாயப்பிரமாணமும் (மோசேயின் சட்டம்) தீர்க்கதரிசன ஆகமங்களும் வாசித்து முடிந்தபின், ‘புத்தி சொல்ல விருப்பம் உண்டானால் சொல்லுங்கள்’ என்று ஜெப ஆலயத் தலைவர்கள் ஆளனுப்புகிறார்கள். அதாவது பேச்சுக்கு ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கிறது, வாசித்த பகுதியைத் தொட்டுப் பேச வேண்டும். பவுல் எகிப்தில் தொடங்குகிறார்: வனாந்தரத்தில் 40 ஆண்டு, கானானின் ஏழு ஜாதிகள், 450 ஆண்டு, நியாயாதிபதிகள், சாமுவேல், 40 ஆண்டு சவுல், அப்புறம் தாவீது. தாவீதிலிருந்து ஒரே தாவலில் இயேசு. நடுவே ஆயிரம் ஆண்டு கழிகிறது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. கேட்பவர்களுக்குத் தாவீதின் வம்சத்துக்குக் கொடுத்த வாக்கு மனப்பாடம் என்பதால்தான் இந்தத் தாவல் செல்லுபடியாகிறது.

பிறகு சாட்சி வசனங்கள். சங்கீதம் 2:7, ஏசாயா 55:3, சங்கீதம் 16:10. மூன்றாவதுதான் பாரம் தாங்குவது: ‘உம்முடைய பரிசுத்தவான் அழிவைக் காணவொட்டீர்.’ தாவீது செத்தான், அடக்கம் பண்ணப்பட்டான், அழிவைக் கண்டான். ஆகவே இது தாவீதைப் பற்றியது அல்ல என்பது வாதம். எருசலேமில் பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எடுத்ததும் இதே வசனம், இதே வாதம் (2:25–31). இந்த வாதத்துக்கு இரண்டு முன்நிபந்தனை உண்டு. சங்கீதம் தாவீதுடையது என்று கேட்பவர் ஒப்புக்கொள்ள வேண்டும். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தை அவர் வேதமாக ஏற்க வேண்டும், ஏனென்றால் எபிரெய மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல்லைக் ‘குழி’ என்றும் படிக்கலாம். அழிவு என்று தீர்மானமாகச் சொல்வது கிரேக்கம்தான். சிதறியிருந்த யூதர்களின் ஜெப ஆலயங்களில் இந்த இரண்டும் கிடைத்தன. வெளித் தெருவில் இரண்டுமே கிடைக்காது.

முடிவில் ஆபகூக்கின் எச்சரிக்கை. 26 வசனத்தில் விக்கிரகம் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, தலையைத் தூக்கி அகஸ்துஸ் கோயில் மேட்டைப் பாருங்கள். ஊர் முழுக்கச் சிலை. ஆனால் இந்தக் கூட்டம் அதை எப்போதோ விட்டுவிட்டது. விட்டதை மறுபடி விடச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள்: யல்வாச் மியூசியம், பிறகு கொன்யா

பவுலின் முதல் வரி இரண்டு பேரைக் கூப்பிடுகிறது: ‘இஸ்ரவேலரே, தேவனுக்குப் பயந்து நடக்கிறவர்களே.’ இந்த இரண்டாம் கூட்டத்தை விட்டுவிட்டால் முழுப் படமும் கோணலாகிவிடும். இவர்கள் யூதரல்லாதவர்கள்; ஒரே கடவுளை ஏற்று, ஜெப ஆலயத்துக்கு வந்து, வேதத்தைக் கிரேக்கத்தில் கேட்டுக்கேட்டுப் பழகியவர்கள். விருத்தசேதனம் (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) வரை போகாதவர்கள். பிற்காலத்தது என்றாலும், அப்ரோதிசியாஸில் 1976-இல் கிடைத்த கல்வெட்டு ஒன்று யூதர்களின் பெயர்களையும் ‘தேவபயமுள்ளோர்’ பெயர்களையும் தனித்தனியாகப் பட்டியலிடுகிறது. அப்படியொரு பிரிவு கதைக்காகப் புனைந்ததல்ல.

ஆக யூதர், புறஜாதியார் என்று இரண்டு பெட்டி போட்டால் போதாது. மூன்று பெட்டி வேண்டும். சண்டை வந்ததும் நடுப்பெட்டியால்தான். முதல் ஓய்வுநாளில் யாரும் கலகம் செய்யவில்லை, அடுத்த ஓய்வுநாளிலும் இதையே பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரம் ‘கொஞ்சங்குறைய பட்டணத்தார் அனைவரும்’ கூடிவிட்டார்கள். எதிர்ப்பு அப்போது கிளம்புகிறது. விருத்தசேதனம் இல்லாமலே, நியாயப்பிரமாணத்தின் முழுச் சுமையும் இல்லாமலே சமபங்கு என்றால், ஜெப ஆலயத்தின் ஆதரவாளர்களாக இருந்த வெளியார் மொத்தமாக இங்கிருந்து எழுந்துபோவார்கள். 13:50-இல் எதிர்ப்பைத் தூண்டிவிட யூதர்கள் யாரைப் பிடித்தார்கள் என்று பாருங்கள்: ‘பக்தியும் கனமுமுள்ள ஸ்திரீகள்’, அதாவது நடுப்பெட்டியின் மேல்தட்டு. லூக்கா இதைப் பொறாமை என்கிறார். அது ஒரு தரப்பின் சொல். ஜெப ஆலயத் தலைவர் எழுதியிருந்தால் வேறு சொல் போட்டிருப்பார்.

மியூசியத்தில் செர்கியு பவுல் குடும்பப் பெயர் உள்ள லத்தீன் கல்வெட்டைத் தவறவிடாதீர்கள். சீப்புருவில் (சைப்ரஸ் தீவு) பவுலுக்குச் செவிகொடுத்த அதிபதியின் பெயர் அது (13:7). அந்தக் குடும்பத்துக்கு இந்தப் பக்கம் வேர் இருந்ததால்தான் பவுல் கடலோர ஊர்களை விட்டுவிட்டு நேரே மலையேறினார் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். நல்ல ஊகம்.

மதியம் ஊர் நடுவே பெரிய சினார் மரத்தடியில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினால், அக்‌ஷெஹிர் வழியாக 180 கி.மீ. தாண்டி இருட்டும் முன் கொன்யா. பழைய இக்கோனியா இதுதான். அங்கே யூதரும் கிரேக்கருமாகத் திரளானவர்கள் நம்பினார்கள் என்பதற்கு மேல் பேச்சின் விவரம் எதுவும் இல்லை.

நான்காம் நாள்: லீஸ்திரா

கொன்யாவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 35 கி.மீ., ஹாத்துன்சராய் என்ற ஊர். அதன் அருகே வயல்களுக்கு நடுவே ஒரு மண்மேடு. அதுதான் லீஸ்திரா. 1885-இல் இங்கே கிடைத்த கல் ஒன்றில் ஊர்ப் பெயர் லத்தீனில் பொறித்திருந்ததால் அடையாளம் உறுதியானது. தூண், அரங்கம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பொதுப் போக்குவரத்தை நம்ப வேண்டாம். டாக்சியை அரை நாள் பேசி வைத்துக்கொண்டு, அப்படியே குடைவரைத் தேவாலயங்கள் உள்ள கிலிஸ்திராவையும் பார்த்துவரலாம். மேட்டில் நிழலும் இல்லை, கடையும் இல்லை; ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.

எல்லாம் கைமீறிப் போன ஊர் இது. எப்படிப் போனது என்று படிப்படியாகப் பார்க்கலாம். ஜெப ஆலயம் பற்றி இங்கே பேச்சே இல்லை. பிறவியிலிருந்து நடக்காத ஒருவன் எழுந்து நடக்கிறான். கூட்டம் லிக்கவோனியா மொழியில் கத்துகிறது: ‘தேவர்கள் மனுஷரூபமெடுத்து நம்மிடத்தில் இறங்கிவந்திருக்கிறார்கள்.’ பவுலும் பர்னபாவும் பேசுவது கிரேக்கம். உள்ளூர் மொழி அவர்களுக்குப் புரியவில்லை என்றுதான் தோன்றுகிறது. எருதுகளும் பூமாலைகளும் வாசலுக்கு வந்து சேரும்வரை அவர்கள் அசையவே இல்லை.

பழைய திருப்புதலில் பர்னபா யூப்பித்தர், பவுல் மெர்க்கூரி. இவை ரோமப் பெயர்கள். கிரேக்க மூலத்தில் ஸெயுஸ், ஹெர்மெஸ். இந்த இருவரையும் சேர்த்தே வழிபட்டதற்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிற்காலக் கல்வெட்டுகள் உண்டு. பக்கத்து நாடான பிரிகியாவில் இதே இருவரும் வழிப்போக்கர் வேடத்தில் வந்து, யாரும் கதவு திறக்காமல், ஒரே ஒரு ஏழைத் தம்பதி மட்டும் சோறு போட்ட கதையை ரோமக் கவி ஓவித் பாடியிருக்கிறார். கதையில் கதவு திறக்காதவர்களின் ஊர் நீரில் மூழ்குகிறது. லீஸ்திரா மக்களுக்கும் இந்தக் கதை தெரிந்திருந்தால், அவசர அவசரமாக மாலை கொண்டுவந்ததில் வியப்பில்லை. அற்புதம் தானாகப் பேசாது. பார்ப்பவர் தன்னிடமுள்ள கதையை வைத்துத்தான் அதைப் படிப்பார். அந்தியோகியாவில் கேட்பவர் கையிலிருந்த கதை பவுலுக்குத் துணை நின்றது. இங்கே அதுவே எதிராகத் திரும்பியது.

இந்த இக்கட்டில் வந்த மூன்று வசனம்: இந்த வீணான தேவர்களை விட்டு ஜீவனுள்ள தேவனிடம் திரும்புங்கள், வானத்தையும் பூமியையும் சமுத்திரத்தையும் உண்டாக்கியவர் அவர், முற்காலங்களில் எல்லா ஜனங்களையும் தங்கள் வழியே போகவிட்டார், ஆனாலும் மழையும் விளைச்சலும் தந்து தமக்குச் சாட்சி வைத்திருந்தார். தாவீது இல்லை, தீர்க்கதரிசி இல்லை, இயேசுவின் பெயரும் இல்லை. பேச்சு அந்த இடத்துக்கு வந்து சேரவே இல்லை, பலியை நிறுத்துவதற்கே சரியாகிவிட்டது.

மேட்டிலிருந்து சுற்றிப் பார்த்தால் மழையை ஏன் எடுத்தார் என்பது விளங்கும். உள்நாட்டு வறண்ட சமவெளி. இங்கே சாப்பாடு மழையைப் பொறுத்தது, ஸெயுஸ் மழைக்கு அதிபதி. மழை யாருடையது என்ற கேள்வியைத்தான் பவுல் கையில் எடுக்கிறார். இன்னொன்றும் உண்டு. ‘வானம், பூமி, சமுத்திரம், அவைகளிலுள்ள யாவும்’ என்ற தொடர் பத்துக் கட்டளைப் பகுதியிலிருந்து (யாத்திராகமம் 20:11) அப்படியே வருகிறது. வேதத்தைத்தான் பேசுகிறார், வேதம் சொல்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. புறஜாதியாருக்கான பேச்சும் யூதப் பேச்சுதான், முத்திரை மட்டும் அழிக்கப்பட்டிருக்கிறது.

பிறகு அந்தியோகியாவிலிருந்தும் இக்கோனியாவிலிருந்தும் எதிர்ப்பாளர்கள் வந்து கூட்டத்தைத் திருப்பிவிட, கல்லெறி. தீமோத்தேயு இந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. தாய் யூதப் பெண், தகப்பன் கிரேக்கன். அவனுக்கு விருத்தசேதனம் செய்துவைத்த (16:3) அதே பவுல்தான், கிரேக்கனான தீத்துவுக்கு அது தேவையில்லை என்று எருசலேமில் பிடிவாதமாக நின்றவர் (கலாத்தியர் 2:3).

கொன்யா தொல்லியல் மியூசியத்தில் லீஸ்திராக் கல்லும், பவுல் அடுத்துப் போன தெர்பை என்ற ஊரின் கல்வெட்டும் இருக்கின்றன. திறந்திருக்கிறதா என்று விடுதியில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஐந்தாம் நாள்: பயணம்

கொன்யாவிலிருந்து இஸ்தான்புல்லுக்கு அதிவேக ரயில், அங்கிருந்து தெசலோனிக்கேக்கு விமானம். விமான நிலையம் ஊருக்கு வெகு தூரம். ரயில் இறங்கி விமானம் ஏற ஐந்து மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அந்த ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதமான ஒன்று தெசலோனிக்கேயரை ரயிலில் ஒரே மூச்சில் படித்துவிடலாம், ஐந்தே அதிகாரம்.

ஆறாம் நாள்: தெசலோனிக்கே, பெரோயா

லூக்கா சொல்வது: மூன்று ஓய்வுநாள் ஜெப ஆலயத்தில் வேதவாக்கியங்களை எடுத்து, கிறிஸ்து பாடுபட்டு எழுந்திருக்க வேண்டும் என்றும், இந்த இயேசுவே அந்தக் கிறிஸ்து என்றும் வாதிட்டார் (17:2–3). பவுலே எழுதிய கடிதம் சொல்வது: நீங்கள் விக்கிரகங்களை விட்டு ஜீவனுள்ள மெய்யான தேவனிடம் திரும்பினீர்கள் (1 தெசலோனிக்கேயர் 1:9). யூதர்களிடம் இப்படி எழுத முடியாது. கடிதத்தில் பழைய ஏற்பாட்டு மேற்கோள் என்று வெளிப்படையாக ஒன்றுகூட இல்லை. தங்கியதும் மூன்று வாரத்துக்கு மேல்தான்; பிலிப்பியர் இரண்டொரு தரம் உதவி அனுப்பும் அளவுக்கு இருந்திருக்கிறார் (பிலிப்பியர் 4:16). லூக்கா தொடக்கத்தைச் சொல்கிறார், கடிதம் அதன்பின் யார் சேர்ந்தார்கள் என்பதைக் காட்டுகிறது என்று வைத்தால் இரண்டும் பொருந்தும்.

1:9–10 வசனங்களைத் தனியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அத்தேனேயில் வேண்டும். நாலு துண்டு: விக்கிரகங்களை விட்டுத் திரும்புதல், ஜீவனுள்ள தேவன், வரப்போகும் கோபாக்கினை, அதிலிருந்து மீட்பவரும் மரித்தோரிலிருந்து எழுப்பப்பட்டவருமான குமாரன்.

இயேசுவுக்குச் சூட்டும் பட்டம் மாறுவதையும் கவனிக்கலாம். ஜெப ஆலயத்தில் பேச்சு ‘இயேசுவே கிறிஸ்து’ என்று முடியும். கிறிஸ்து என்றால் அபிஷேகம் பண்ணப்பட்டவர். கிரேக்கக் காதில் அது எண்ணெய் பூசப்பட்டவர் என்றே விழும், அதில் ஒரு மகிமையும் இல்லை. சீரியா அந்தியோகியாவில் கிரேக்கரிடம் முதலில் பேசியவர்கள் ‘கர்த்தராகிய இயேசு’ என்றார்கள் (11:20). கிறிஸ்து என்பது பட்டமாக இல்லாமல் பெயரின் பின்பாதியாகிப் போனது இப்படித்தான். கர்த்தர் என்ற சொல்லும் ஆபத்து இல்லாததல்ல. ‘இயேசு என்னும் வேறொருவனை ராஜா என்கிறார்கள்’ என்று இதே ஊரில் வழக்கு வந்தது (17:7).

ரோமர் காலச் சந்தைச் சதுக்கம் ஊர் நடுவில் இருக்கிறது, ஒரு மணி நேரம் போதும். பவுல் பேசிய ஜெப ஆலயம் கண்டுபிடிக்கப்படவில்லை. அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம் நிற்கும் நிலம் 1942 வரை யூதக் கல்லறைத் தோட்டம். 1943-இல் இந்த ஊர் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். நடபடிகளில் ‘யூதர்கள் வைராக்கியங்கொண்டு’ என்று வரும் வரிகளை இந்த ஊரில் மெதுவாகப் படிக்க வேண்டும். அன்று அது ஒரு வீட்டுக்குள் நடந்த சண்டை, இரண்டு பக்கமும் யூதர்கள்தான்.

வெரியா, அதாவது பெரோயா, பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். பவுல் நினைவு மேடையின் மொசைக் படங்கள் புதியவை. அதைவிடப் பழைய யூதத் தெருவான பர்புத்தாவில் நடப்பது மேல். இந்த ஊரார் ‘தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்தார்கள்’. அந்தியோகியா வகைப் பேச்சு சரியாக நடந்தால் கிடைக்கும் பலன் இது. கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சுருளை விரித்துச் சரிபார்க்கலாம். லீஸ்திராவில் எதைச் சரிபார்ப்பது?

ஏழாம் நாள்: அத்தேனே

மொனாஸ்திராகி மெட்ரோவிலிருந்து பழைய அகோரா, அதாவது சந்தைச் சதுக்கம், பக்கம்தான். காலையில் அதையும், மாலை வெயில் தாழ்ந்தபின் அரயோபாகு பாறையையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய திருப்புதலில் ‘மார்ஸ் மேடை’. 115 மீட்டர் உயரம், கட்டணம் இல்லை. பழைய கல்படிகள் கால்பட்டுப் பட்டுக் கண்ணாடி போல் வழுக்கும், இரும்புப் படியில் ஏறுங்கள். அடியில் பவுலின் உரை கிரேக்கத்தில் பொறித்த வெண்கலப் பலகை உண்டு. அரயோபாகு என்பது பாறைக்கும் பெயர், அங்கே கூடிய மன்றத்துக்கும் பெயர். பவுல் காலத்தில் மன்றம் கீழே அகோராவில் கூடியிருக்கலாம் என்பது பலர் கருத்து. இரண்டு இடத்திலும் ஒருமுறை படித்துவிடுவதில் நட்டமில்லை.

அகோராவில் பவுல் இயேசுவையும் உயிர்த்தெழுதலையும் பேசினார். கேட்டவர்கள் ‘அந்நிய தேவதைகளை அறிவிக்கிறான்போல’ என்றார்கள், பன்மையில். உயிர்த்தெழுதலுக்குக் கிரேக்கச் சொல் அனஸ்தாசிஸ், பெண்பால் பெயர். இயேசு ஒரு தேவன், அனஸ்தாசிஸ் அவனுடைய தேவி என்று நினைத்துவிட்டார்கள் என்பது நாலாம் நூற்றாண்டுப் பிரசங்கி கிறிசோஸ்தோம் காலத்திலிருந்தே இருக்கும் விளக்கம். யூதக் காதுக்குப் பழகிய சொல், வெளிக் காதில் புதுத் தெய்வம் ஆகிவிடுகிறது.

மன்றத்தில் பேசியது: ‘அத்தேனரே, எந்த விஷயத்திலும் நீங்கள் மிகுந்த தேவதாபக்தியுள்ளவர்களென்று காண்கிறேன்.’ மூலச் சொல்லுக்குப் பக்தி என்றும் பொருள், மூடபக்தி என்றும் பொருள். ‘தேவபக்தி’ என்று போடாமல் ‘தேவதாபக்தி’ என்று போட்ட தமிழ் மொழிபெயர்ப்பாளர் அந்த இரட்டைத்தன்மையைக் காப்பாற்றிவிட்டார்.

எதிரே எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற இரு தத்துவப் பள்ளியாரும். கடவுளுக்கு மனுஷர் கைகளால் எதுவும் தேவையில்லை என்ற 25-ஆம் வசனத்துக்கு எப்பிக்கூரர் தலையாட்டியிருப்பார்கள். ‘அவருக்குள் நாம் பிழைக்கிறோம், அசைகிறோம், இருக்கிறோம்’ என்பது ஸ்தோயிக்கருக்குச் சொந்த வீடு மாதிரி. அதற்குச் சான்றாக வருவது ஏசாயா அல்ல, ‘உங்கள் புலவர்களிலும் சிலர்’: ‘நாம் அவருடைய சந்ததியார்.’ பவுலின் சொந்த நாடான சிலிசியாவைச் சேர்ந்த கவி அராத்தஸ் நட்சத்திரங்களைப் பற்றிப் பாடிய நூலின் ஐந்தாம் அடியில் இருக்கிறது இது. அங்கே ‘அவர்’ ஸெயுஸ். இதைப் பவுலின் புதுத் துணிச்சலாகச் சொல்வது வழக்கம். அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் அரிஸ்தோபுலுஸ் ஏறத்தாழ இருநூறு ஆண்டு முன்பே இதே அராத்தஸ் அடிகளை எடுத்து, ஸெயுஸ் என்ற இடத்தில் ‘தேவன்’ என்று மாற்றிப் போட்டு யூத சமயத்துக்குச் சான்றாக்கியிருந்தார். பொன், வெள்ளி, கல் சிலைகளுக்கு எதிரான வாதமும் ஏசாயா 44-இலும் ‘சாலமோனின் ஞானம்’ என்ற யூத நூலிலும் உள்ளதுதான். வெளியாரிடம் எப்படிப் பேசுவது என்பதை ஜெப ஆலயமே முன்னதாகப் பழகி வைத்திருந்தது. பவுல் அந்தக் கருவிப்பெட்டியைத்தான் திறக்கிறார்.

உடைந்த இடம் 31-ஆம் வசனம்: நியாயத்தீர்ப்பு நாள், அதற்கென நியமித்த மனிதன், அவரை மரித்தோரிலிருந்து எழுப்பியது. ஆத்துமா அழியாது என்றால் அத்தேனேயில் பலர் கேட்பார்கள். உடல் எழும் என்றால் சிரிப்பு. இதே மன்றம் உருவான கதையைச் சொல்லும் எஸ்கிலஸ் நாடகத்தில் அப்பொல்லோவே சொல்கிறான்: மனிதன் ஒருமுறை இறந்து மண் அவன் குருதியைக் குடித்துவிட்டால் பிறகு அனஸ்தாசிஸ் இல்லை. அதே சொல், அதே மன்றம்.

இப்போது தெசலோனிக்கேத் தாளை எடுத்து வைத்துப் பாருங்கள். விக்கிரகம், ஜீவனுள்ள தேவன், நியாயத்தீர்ப்பு, எழுப்பப்பட்டவர். நாலும் இங்கே உண்டு. அத்தேனேயில் தத்துவம் பேசித் தோற்றார், அதனால்தான் கொரிந்துக்குப் போய்ச் சிலுவையை மட்டும் பேசினார் என்று நம்மூர்ப் பிரசங்க மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். அது சரியல்ல என்பதற்கு அந்தத் தாளே போதும்: அத்தேனேக்குப் பிறகு கொரிந்திலிருந்து எழுதிய கடிதம் அது, அதில் இருப்பது அத்தேனே உரையின் எலும்புக்கூடுதான். தோல்வி என்று லூக்காவும் சொல்லவில்லை. தியொனீசியு, தாமரி, இன்னும் சிலர் சேர்ந்தார்கள்.

எட்டாம் நாள்: கொரிந்து, கெங்கிரேயா

அத்தேனேயிலிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் புதிய கொரிந்து. நிலையத்திலிருந்து பழைய கொரிந்து சில கி.மீ., டாக்சி பிடித்துவிடுங்கள். முதலில் மியூசியம்: ‘எபிரெயரின் ஜெப ஆலயம்’ என்று கிரேக்க எழுத்துகள் உடைந்து நிற்கும் வாசல் நிலைக்கல், 1898-இல் கிடைத்தது. எழுத்தமைதி பவுலுக்கு வெகு பிந்தியது, ஆகையால் அவர் நுழைந்த வாசல் இதுவல்ல. வெளியே, பவுல்மேல் வந்த வழக்கு ரோம அதிபதி கல்லியோனின் முன் நின்ற நியாயாசன மேடை. தெல்பிக் கல்வெட்டின்படி கல்லியோன் இங்கே அதிபதியாக இருந்தது கி.பி. 51–52 வாக்கில், பவுலின் ஆண்டுக்கணக்கு முழுவதும் இந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது.

ஜெப ஆலயத்தில் முறிவு வந்ததும் பவுல் ஊரின் மறுகோடிக்குப் போகவில்லை, அடுத்த வீட்டுக்குப் போனார். யுஸ்து என்னும் தேவபயமுள்ளவன் வீடு அது, ‘ஜெப ஆலயத்துக்கு அடுத்ததாயிருந்தது’ (18:7). நடுப்பெட்டிக்காரன் வீட்டில், சுவரை ஒட்டிய கூட்டம். ஒன்றரை ஆண்டு.

இங்கே வந்த சிக்கல் பேச்சின் தொடக்கத்தில் இல்லை, பின்விளைவில். ஜெப ஆலயத்திலிருந்து வந்தவருக்கு எந்த இறைச்சி ஆகாது என்று பிறந்ததிலிருந்தே தெரியும். தெருவிலிருந்து வந்தவருக்குக் கோயிலில் பலியிட்ட இறைச்சிதான் நல்ல நாள் விருந்து. எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும் புறஜாதி விசுவாசிகளுக்கு நாலு விலக்குகளை வைத்தார்கள் (15:29): விக்கிரகப் படையல், இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது அந்தத் தீர்மானத்தை மேற்கோள் காட்டவே இல்லை. ‘கடையில் விற்கப்படுகிற எதையும் வாங்கிப் புசியுங்கள்’ என்கிறார் (1 கொரிந்தியர் 10:25). ‘கடை’ என்று தமிழில் பொதுவாக வருவது மூலத்தில் மாக்கெல்லோன், இறைச்சிச் சந்தை. கோயில் பந்தியில் மட்டும் உட்காராதே என்கிறார். மியூசியத்தை அடுத்து வடக்கே, நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிலேபியோஸின் கோயிலுக்குப் போனால், சாய்ந்து சாப்பிடும் திண்ணைகள் கொண்ட விருந்து அறைகளின் தடத்தைப் பார்க்கலாம். கடிதத்தின் 8, 10-ஆம் அதிகாரங்கள் பேசுவது இப்படிப்பட்ட அறைகளைப் பற்றி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். பெரும்பாலும் புறஜாதியாரான இந்தச் சபைக்குப் பவுல் முதலாவது ஒப்புவித்த செய்தி: கிறிஸ்து ‘வேதவாக்கியங்களின்படி’ மரித்து, ‘வேதவாக்கியங்களின்படி’ எழுந்தார் (1 கொரிந்தியர் 15:3–4). வாசலில் மழையும் புலவரும். உள்ளே வந்ததும் இஸ்ரவேலின் கதை அவர்களுக்கும் பாடமாகிறது. வனாந்தரத்தில் நடந்தவர்களை ‘நம்முடைய பிதாக்கள்’ என்றே கிரேக்கருக்கு எழுதுகிறார் (1 கொரிந்தியர் 10:1).

மதியத்துக்குமேல் டாக்சியில் கெங்கிரேயா, 10 கி.மீ. கிழக்குத் துறைமுகம், பாதி கடலுக்குள் அமிழ்ந்துவிட்டது, தெளிந்த நாளில் சுவர்களின் வரிசை தண்ணீருக்கடியில் தெரியும். புறஜாதியாரிடம் போகிறேன் என்று வஸ்திரத்தை உதறிய பவுல், ஒன்றரை ஆண்டு கழித்து எருசலேம் திசைக்குக் கப்பலேறும் முன் இங்கே தலைச்சவரம் பண்ணிக்கொண்டார், ‘ஒரு பிரார்த்தனையுண்டாயிருந்தபடியால்’ (18:18). யூத நேர்த்திக்கடன். வேலி, டிக்கெட் ஒன்றும் கிடையாது. கரைக் கற்களில் பாசி வழுக்கும், தண்ணீரில் இறங்குவதாக இருந்தால் ரப்பர் செருப்போடு இறங்குங்கள். டாக்சியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.